யார் தலையில் விழும் என்று முதலில் பாருங்கள்

சம்பளக் கணக்கு எழுதுவது என் தொழில். சிங்கப்பூரில் சின்னச் சின்னக் கட்டுமானத் துணைக் குத்தகை நிறுவனங்களில் 26 ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். சபையில் மாதர் ஐக்கியத்தை நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது யாராவது பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "அக்கா, இப்படிச் செஞ்சா பாவமா?" நல்ல பள்ளியில் பிள்ளைக்கு இடம் கிடைக்கத் தங்கச்சி வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா? நாத்தனார் வீட்டுப் படையலில் சாப்பிடலாமா? சரக்கு விற்பவர் சீனப் புத்தாண்டுக்கு நீட்டும் அங்பாவை, அந்தப் பண உறையை, வாங்கலாமா?

முன்பெல்லாம் கேட்ட மாத்திரத்தில் ஒரு வசனத்தைச் சொல்லி அனுப்பிவிடுவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. என் கையாலேயே ஒரு தப்பு நடந்தது. அதைச் சரிசெய்யப் போராடியபோதுதான், "பாவமா இல்லையா" என்பதை முதல் கேள்வியாக வைத்தால் நம் மனம் வக்கீலாகிவிடும் என்று கண்டேன். எங்கே சந்து இருக்கிறது என்றுதான் தேடும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நான் செய்யப்போவது யார் தலையில் விழும்? அதைக் கேட்டுப் பழகிய வழியை, தேவைப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மழை என்று எழுதிய நோட்டு

2018இல் நான் வேலை பார்த்த இடத்தில் 43 ஊழியர்கள். பாதிக்கு மேல் தமிழ்நாட்டுப் பிள்ளைகள், பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, சிவகங்கைப் பக்கம். ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, மாலை நேரத்தை அரை மணிக் கணக்கில் குறைத்துப் போடு என்றார். ஒருவர் 7.20க்குப் பஞ்ச் கார்டு தட்டினால் 7 மணி. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். அதற்கு "ரவுண்டிங்" என்று ஒரு பெயரும் இருந்தது. நான் மறுபேச்சுப் பேசாமல் கணினியில் ஒரு சூத்திரத்தைப் போட்டேன். ஐந்து நிமிட வேலை.

மூன்று மாதம் ஓடியது. மனசாட்சி குத்தியது என்று எழுத ஆசைதான், ஆனால் குத்தவில்லை. அந்த மூன்று மாதமும் விடியற்கால ஜெபம் தவறவில்லை. மாதர் ஐக்கியத்தில் யாக்கோபின் நிருபம் நடத்திக்கொண்டிருந்தேன். ஐந்தாம் அதிகாரத்தில், வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்ற வசனத்தை நானே சத்தமாக வாசித்தேன். அது நிலமும் பணமும் வைத்திருக்கிறவர்களுக்கு எழுதியது என்று விளக்கமும் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை மாலை தம்பி ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். பூட்ஸில் இருந்த சிமெண்டு தரையில் படக் கூடாதென்று வாசலிலேயே கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அளவு நோட்டு ஒன்றை எடுத்தார். வேர்வை படாமலிருக்க அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். பக்கத்துக்கு ஒரு வாரம். தேதி, வேலை தொடங்கிய நேரம், முடித்த நேரம், எல்லாம் நீலப் பேனாவில். மழையால் வேலை நின்ற மணி நேரங்களுக்கு எதிரே "மழை" என்று ஒரே சொல். அந்த நேரத்தைத் தானே கழித்திருந்தார். கீழே கூட்டல்.

"அக்கா, என் கணக்குக்கும் சம்பளச் சீட்டுக்கும் மாசம் எட்டு மணி நாப்பது நிமிஷம் வித்தியாசம் வருது. நான்தான் தப்பாக் கூட்டிட்டேனா, பாருங்கக்கா."

என்னைக் குறை சொல்ல அவர் வரவில்லை. தன் கூட்டலைத்தான் சந்தேகப்பட்டார். நான் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மெஷின் அப்படித்தான் எடுத்திருக்கு தம்பி" என்றேன். "சரிங்கக்கா" என்று மறுபடியும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

நாளுக்கு 20 நிமிடம், 26 நாள். அவருடைய அடிப்படைச் சம்பளம் மணிக்கு 3 வெள்ளி 50 காசு. ஓ.டி.க்கு, அதாவது கூடுதல் நேர வேலைக்கு, ஒன்றரை மடங்கு, 5 வெள்ளி 25 காசு. எட்டு மணி நாற்பது நிமிடத்துக்கு 45 வெள்ளி 50 காசு. தேக்காவில் வரிசையில் நின்று அவர் ஊருக்கு அனுப்பும் பணத்தில் மாதா மாதம் அவ்வளவு குறைந்திருக்கிறது. குறைத்தது நான்.

ஒரே வரியில் எழுதுங்கள்

அன்று இரவு பாத்திரம் கழுவிய பிறகு மேசையில் உட்கார்ந்து ஒரு தாள் எடுத்தேன். நான் செய்துகொண்டிருப்பதை ஒரே வரியில் எழுத முயன்றேன். முதலில் வந்தது: "நிறுவனத்தின் நேரக் கணக்கு முறையைப் பின்பற்றுகிறேன்." அதில் மனுஷரே இல்லை. இரண்டாவது: "மாலை நேரம் குறைத்துக் கணக்கிடப்படுகிறது." யார் குறைப்பது? அந்த வரி சொல்லவில்லை. மூன்றாவது தடவை எழுதினேன்: "43 பேர் வேலை செய்து சம்பாதித்த கூலியில் ஒரு பகுதியை நான் எடுத்து முதலாளியிடம் கொடுக்கிறேன்."

எழுதி முடித்ததும் எனக்குத் தேவையான தீர்ப்பு அந்த வரியிலேயே இருந்தது.

இதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறேன். மனதுக்குள் யோசித்தால் போதாது, கையால் எழுத வேண்டும். "நான்" என்று தொடங்குங்கள். "செய்யப்படுகிறது", "ஆகிவிடுகிறது", "வழக்கம்தான்" என்று முடிகிற வரிகளை அடித்துவிடுங்கள். படுகிறது என்று முடியும் இடத்தில்தான் நாம் ஒளிந்துகொள்வோம். வரியில் இன்னொரு மனுஷர் கட்டாயம் இருக்க வேண்டும். அவருக்கு என்ன ஆகிறது என்பது தெரிய வேண்டும்.

தொடக்கநிலை 1 (முதல் வகுப்பு) பதிவுக்காகத் தங்கை வீட்டு முகவரியைக் கொடுக்க நினைத்த ஒரு தாயிடம் இப்படி எழுதச் சொன்னேன். அவர் பல தடவை எழுதிப் பார்த்துக் கடைசியில் கொண்டுவந்த வரி: "நாங்கள் குடியிருக்காத வீட்டில் குடியிருப்பதாகப் பொய் சொல்லி, அங்கே உண்மையிலேயே குடியிருக்கும் ஒரு பிள்ளையின் இடத்தை என் மகளுக்கு எடுக்கிறேன்." பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு முதல் சலுகை. அந்த முகவரியில் 30 மாதம் குடியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அதெல்லாம் அவருக்கு முன்பே தெரியும். பொய் முகவரி கொடுப்பது சட்டப்படி குற்றம் என்பதும் தெரியும். இடத்தை இழக்கும் அந்த இன்னொரு பிள்ளைதான் அதுவரை கண்ணில் படவில்லை. மகள் இப்போது வீட்டுக்கு எதிரே உள்ள பள்ளியில் படிக்கிறாள், நடந்தே போகிறாள்.

பாரத்தைச் சுமக்கிறவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்

எங்கள் மெதடிஸ்ட் மரபில் ஜான் வெஸ்லி 1743இல் வகுத்த பொது விதிகள் உண்டு. முதலாவது, தீங்கு செய்யாதே. இரண்டாவது, நன்மை செய். மூன்றாவது, ஆராதனை, வேதவாசிப்பு, ஜெபம், திருவிருந்து முதலான தேவ நியமங்களில் நிலைத்திரு. நான் மூன்றாவதில் ஒழுங்காக இருந்துகொண்டு முதலாவதில் தவறினேன். விசுவாசிகளான நம்மில் பலர் வழுக்குவது அங்கேதான். கெட்டவர்களாக இருப்பதால் அல்ல, பாதிக்கப்படுகிறவரின் முகத்தைப் பார்க்காத தூரத்தில் உட்கார்ந்து முடிவெடுப்பதால். எனக்குக் கணினித் திரைதான் தெரிந்தது. நோட்டுப் புத்தகம் தெரியவில்லை.

சபைத் தங்கை ஒருவர் வீட்டில் மாமியார் படுக்கையில் இருக்கிறார். பார்த்துக்கொள்ள மியன்மாரிலிருந்து வந்த பணிப்பெண். ஞாயிறு ஓய்வுக்குப் பதிலாகக் காசு கொடுத்துவிடுகிறோம், அவளும் சம்மதித்திருக்கிறாள், இதில் என்ன தப்பு என்று கேட்டார். 2013 முதல் இங்கே வாரம் ஒரு நாள் ஓய்வு சட்டமாக இருக்கிறது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அதற்குப் பதில் சம்பளம் கொடுக்கலாம். 2023 ஜனவரி முதல் மாதத்தில் ஒரு நாளையாவது காசால் ஈடுகட்ட முடியாது. அந்த ஒரு நாளை அவர்கள் கொடுத்துவந்தார்கள். சட்டப்படி குறை ஒன்றுமில்லை.

நான் வசனம் எதுவும் சொல்லவில்லை. ஒரு தடவை அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து தேநீர் குடித்துப் பேசு, மேடம் கேட்கிற மாதிரி கேட்காதே என்றேன். பேசியிருக்கிறார். அவளும் கிறிஸ்தவள், ஞாயிறு தன் மொழி ஆராதனைக்குப் போக ஏக்கம், "வேண்டாம்" என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் தலையாட்டியிருக்கிறாள். உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளைக்குக் கொடுத்திருக்கும் காரணத்தைப் பிறகு இருவரும் சேர்ந்து வாசித்தோம். நீ இளைப்பாறுவதுபோல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்கிறது. நாம் ஆராதனைக்குப் போவதற்காக அவளை வீட்டில் நிறுத்திவைத்தால் அந்தக் கட்டளையின் பாதியை மென்று பாதியைத் துப்புகிறோம். இப்போது அந்த வீட்டில் கணவர், மைத்துனர், இவர் மூவரும் முறை வைத்துக்கொண்டு மாமியாரைப் பார்க்கிறார்கள். எளிதல்ல. மைத்துனர் ஒரு மாதம் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார். பாரம் இன்னும் அதே பாரம்தான், ஆனால் சுமக்க வேண்டியவர்கள் சுமக்கிறார்கள்.

4டி, டோட்டோ லாட்டரிச் சீட்டுகள் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். என் பதில் சுருக்கமானது. சூதாட்டத்தை எங்கள் சபை ஏற்பதில்லை, நானும் வாங்குவதில்லை. ஒருவருக்கு விழும் பரிசு மற்றவர்கள் தோற்ற காசு. வாடகை பாக்கி வைத்துவிட்டு வரிசையில் நிற்கும் அண்ணனின் காசும் அதில் இருக்கிறது. 150 வெள்ளி நுழைவுக் கட்டணம் கட்டிச் சூதாட்டக் கூடத்துக்குப் போகச் சட்டம் விடுகிறது என்பது வேறு விஷயம். "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் எல்லாம் தகுதியாயிராது" என்று பவுல் எழுதியது இப்படிப்பட்ட அனுமதிகளைப் பற்றித்தான்.

வேதம் நேராகச் சொல்வதும், சொல்லாமல் நம்மிடம் விடுவதும்

சில விஷயங்களில் வழிநடத்துதலுக்காக ஜெபிக்கவே வேண்டியதில்லை. லேவியராகமம் 19இல் கூலிக்காரனின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்று எழுதியிருக்கும்போது, "ஆண்டவரே, இவர்கள் கூலியை என்ன செய்யட்டும்" என்று முழங்காலில் நின்றால் அது ஜெபமல்ல, தாமதம். அங்கே கேட்க வேண்டியது கீழ்ப்படியப் பெலன்.

வேறு சில விஷயங்களில் வேதம் ஒரே பதிலைத் தராது. படையல் அப்படிப்பட்டது. சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் அண்ணன் இந்து, தங்கை கிறிஸ்தவர், சம்பந்தி முஸ்லிம் என்று ஒரே மேசையில் உட்காருகிறோம். தீபாவளிக்குப் போகாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். தனி வசனமாக எடுத்தால் "சாப்பிடு" என்றும் காட்டலாம், "சாப்பிடாதே" என்றும் காட்டலாம். சேர்த்து வாசித்தால் பவுல் எவ்வளவு நிதானமாகப் பிரிக்கிறார் என்று தெரியும். விருந்துக்கு அழைத்தால் போ, வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு. ஆனால் இது படைத்தது என்று ஒருவர் சொன்னால், சொன்னவருக்காகச் சாப்பிடாதே. அங்கேயும் பவுல் பார்ப்பது எதிரே இருப்பவரைத்தான்.

நான் செய்வது இது. அண்ணி வீட்டு மேசையில் இருக்கும் முறுக்கு, அதிரசம், மட்டன் பிரட்டல் எல்லாம் சாப்பிடுவேன். சாமி மேடையிலிருந்து தட்டை எடுத்து நீட்டினால், இரண்டு கையாலும் அந்தத் தட்டைத் தொட்டு, "அண்ணி, சாமிக்குப் படைச்சது எனக்கு வேணாம், தப்பா நினைக்காதீங்க. அடுப்படியில இருக்கிற அதிரசம் வீட்டுக்கே கட்டிக் குடுங்க" என்பேன். முதல் வருடம் அண்ணிக்கு வருத்தம். இப்போது எனக்கென்று தனியாக ஒரு டப்பா எடுத்து வைத்துவிடுகிறார். எங்கள் சபையிலேயே இதில் வேறு முடிவெடுத்தவர்கள் இருக்கிறார்கள். ரோமர் 14ஐப் படித்த பிறகு அவர்களை நியாயந்தீர்க்க எனக்குத் துணிவில்லை. சீரியாவின் படைத்தலைவர் நாகமான் சுகமடைந்து ஊருக்குத் திரும்பும் முன், என் எஜமான் ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலில் பணியும்போது என் கைமேல் சாய்ந்துகொள்வாரே, நானும் குனிய வேண்டுமே என்று கலங்கியபோது, தீர்க்கதரிசி எலிசா அவரைக் கடிந்துகொள்ளாமல் சமாதானத்தோடே போ என்றுதான் அனுப்பினார். புதிதாக விசுவாசத்துக்கு வந்து, பெற்றோர் வீட்டுச் சடங்குகளுக்கு நடுவே தவிக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

"சமாதானமா இருக்கு அக்கா"

இதைக் கேட்டாலே நான் கொஞ்சம் பயப்படுவேன். ஜெபித்தேன், உள்ளத்தில் சமாதானம் இருக்கிறது, ஆகவே இது தேவ சித்தம் என்கிறார்கள். யோனா தேவனைவிட்டு ஓடிய கப்பலில், புயலுக்கு நடுவே, அடித்தட்டில் அயர்ந்து தூங்கினான். ரவுண்டிங் போட்ட மூன்று மாதமும் நானும் நன்றாகத் தூங்கினேன். சமாதானம் நல்ல சாட்சி, ஆனால் தனிச் சாட்சியாக அதை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கும், வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை வைத்து வீடு வாங்குவதையும் வேலை மாறுவதையும் தீர்மானிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அட்டை நம்மைத் தேற்றுவதற்கு. வேத புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைப்பதும் வேண்டாம். கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டுத் தேவனிடம் அடையாளம் கேட்டாரே என்பார்கள். அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. அவருடைய பயத்தைத் தேவன் பொறுத்துக்கொண்டார், அவ்வளவுதான். யாக்கோபு ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கக்கடவன் என்கிறார். ஞானம் கேட்டால் யோசிக்கிற புத்தி கிடைக்கும். யோசிக்காமல் தப்பிக்கச் சீட்டுக் கேட்கக் கூடாது.

இரண்டு பேரிடம் கேளுங்கள்

ஒருவர் உங்களை நன்றாகத் தெரிந்த, உங்கள் முகத்துக்கு நேரே "தப்பு" என்று சொல்லக்கூடிய விசுவாசி. இன்னொருவர் அந்தத் தொழிலோ சட்டமோ தெரிந்தவர். அவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை.

நான் முதலில் போனது சபையில் எனக்கு மூத்தவரான ஒரு அம்மாவிடம். தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுதிய தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இதுல எங்கிட்ட என்ன கேக்கணும்னு வந்தே? உனக்குத் தெரியாததா?" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அழுகை வந்தது. என் பிரச்சினை தெரியாமை அல்ல, பயம் என்று அந்த ஒரு கேள்வியில் பிரித்துக் காட்டிவிட்டார். நல்ல ஆலோசகர் செய்கிற வேலை பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, முன்பு என்னோடு சம்பளக் கணக்குப் பார்த்த ஒரு முஸ்லிம் தோழி. காப்பிக்கடையில் உட்கார்ந்து விதிகளைப் பிட்டுப் பிட்டு வைத்தார். ஓ.டி. என்றால் குறைந்தது ஒன்றரை மடங்கு. சம்பளக் காலம் முடிந்த 14 நாளுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். 2016 ஏப்ரல் முதல் சம்பளச் சீட்டில் ஓ.டி. மணி நேரத்தை எழுதிக் கொடுப்பது கட்டாயம். "நீ குறைச்சு எழுதுற சீட்டு பொய்ச் சீட்டு, தெரியும்ல?" என்றார். முதலாளியை மிரட்டாதே, முதலில் திருத்த இடம் கொடு, கேட்காவிட்டால் மனிதவள அமைச்சு இருக்கிறது என்றும் சொன்னார்.

முடிவால் லாபம் அடைகிறவரிடம் ஆலோசனை கேட்காதீர்கள். தனக்குச் சாதகமானதை நல்ல எண்ணத்தோடேயே சொல்வார். நீதிமொழிகள் 18இல், தன் வழக்கில் முதலில் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான் என்று இருக்கிறது. நம் வழக்கில் முதலில் பேசுகிறவர் நாமேதான்.

எத்தனை நாள் காத்திருக்கலாம் என்று கேட்டால், கோபத்திலோ ஆசையிலோ எடுக்கும் முடிவுக்கு ஒரு இரவாவது கொடுங்கள். மற்றவருக்குச் சேர வேண்டியது நம் கையில் இருந்தால் அந்த இரவும் அதிகம்.

மறுப்பதற்கும் முறை உண்டு

தானியேல் ராஜாவின் போஜனத்தை மறுத்த கதையில், பொறுப்பாளர் தன் தலைக்கு ஆபத்து வரும் என்று அஞ்சுகிறார். தானியேல் அதைக் காதில் வாங்குகிறார். பத்து நாள் பருப்பும் மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு வழி சொல்கிறார். நாம் "மாட்டேன்" என்று சொல்வதும் யாரோ ஒருவர் தலையில் விழும். அதையும் பார்த்துத்தான் பேச வேண்டும்.

என் முதலாளி கொடியவர் அல்ல. பெரிய குத்தகைக்காரரிடமிருந்து அவருக்கு வர வேண்டிய பணம் மாதக்கணக்கில் நின்றிருந்தது. நான் பேசப் போவதற்கு முன் கணவரோடு உட்கார்ந்து, வேலை போனால் எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டோம். அவர் டாக்சி ஓட்டுகிறார். வீட்டுத் தவணை, மின்சாரக் கட்டணம், மகன் படிப்பு. நான்கு மாதம் தாங்கும். இதை இளையவர்களிடம் அழுத்திச் சொல்வேன். மூன்று மாதச் செலவையாவது ஒதுக்கி வைத்திருங்கள். கையில் ஒன்றுமில்லாதபோது மனசாட்சிக்குக் குரல் எழும்பாது.

முதலாளியின் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே ஒரு தாளோடு பேசினேன். அதில் மூன்று விஷயம். ஒன்று, இந்த மாதத்திலிருந்து சூத்திரத்தை எடுத்துவிடுவேன். இரண்டு, மூன்று மாதப் பாக்கியை இரண்டு தவணையில் கொடுத்துவிடலாம், அதற்கான பட்டியல் இதோ. மூன்று, இதற்குச் சம்மதமில்லை என்றால் இன்னொருவரை வைத்துக்கொள்ளுங்கள், என் கையால் இனி அந்தச் சீட்டை அடிக்க மாட்டேன். வசனம் சொல்லவில்லை. அவரைத் திருடர் என்றும் சொல்லவில்லை. செய்தது நானும்தான் என்று சொன்னேன். அவர் கத்தினார். உனக்குச் சம்பளம் கொடுப்பது அவர்களா நானா என்று கேட்டார். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் தாளில் கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்த வருடம் எனக்குப் போனஸ் கிடையாது. எதிர்பார்த்ததுதான்.

திருப்பிக் கொடுப்பது

தப்பை நிறுத்துவதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சகேயு இயேசுவை வீட்டில் ஏற்றுக்கொண்ட நாளில், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். தேவனிடம் மன்னிப்புக் கேட்பது ஒரு வாசல். பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசல் வேறு. இரண்டுக்கும் போக வேண்டும்.

போகும்போது கவனிக்க வேண்டியவை சில. நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், காரணங்களை அடுக்காதீர்கள். "மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு உடனே பதிலை எதிர்பார்க்காதீர்கள். மன்னிக்கிற பாரத்தையும் அவர் தலையில் அவசரமாக ஏற்றக் கூடாது. கொடுக்க வேண்டிய தொகையைக் காசு வரை கணக்குப் பார்த்து எழுதிக் கொண்டுபோங்கள்.

அந்தத் தம்பியைத் தங்குவிடுதி வாசலில், லாரியிலிருந்து இறங்கும்போது பார்த்தேன். "மெஷின் தப்பு இல்ல தம்பி. நான்தான் குறைச்சேன். தெரிஞ்சே குறைச்சேன். அன்னைக்கு உங்ககிட்ட பொய்யும் சொன்னேன்" என்றேன். 136 வெள்ளி 50 காசு என்று எழுதிய சீட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் கூட்டினது சரிதானே அக்கா?" என்று கேட்டார். சரிதான் என்றேன். நோட்டை எடுத்து, அந்த மூன்று மாதப் பக்கங்களிலும் பேனாவால் ஒரு டிக் போட்டுக்கொண்டார். என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

43 பேரில் இரண்டு பேர் அதற்குள் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். முதலாளி அவர்கள் பங்கையும் கொடுத்துவிட்டார், அனுப்பும் பொறுப்பு என்னுடையது. ஒருவரை அதே ஊர்க்காரர்கள் மூலமாகத் தொலைபேசியில் பிடித்து, சிராங்கூன் சாலையிலிருந்து பணம் அனுப்பி, ரசீதைப் படம் பிடித்து அனுப்பினேன். இன்னொருவரின் எண் மாறிவிட்டது. கோப்பில் இருந்த முகவரிக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து யாராவது புதிதாக வேலைக்கு வந்து ஆராதனைக்கு வந்தால், தேநீர் கொடுக்கும்போது, பதில் வராத அந்த ஊழியருடைய ஊர்ப் பெயரைச் சொல்லி விசாரிக்கிறேன். போன மாதம் வந்த ஒரு பையன், பக்கத்து ஊர்தான், அடுத்த முறை அம்மாவிடம் பேசும்போது கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.